தாய் சி: உங்கள் உடம்புக்குப் பொருந்தும் நிலையைக் கண்டுபிடிக்க ஒரு வழிகாட்டி

சிங்கப்பூரில் காலை நேரத்தில் பூங்காப் பக்கம் போனாலும், அடுக்குமாடி வீடுகளின் கீழ்த்தளத்தைக் கடந்து போனாலும், மெல்ல மெல்லக் கைகால் அசைத்துத் தாய் சி என்ற சீனப் போர்க்கலையைப் பழகும் கூட்டம் ஒன்று கண்ணில் படும். பெரும்பாலும் சீனத் தாத்தா பாட்டிகள். நம் ஆட்களும் அங்கங்கே தென்படுகிறார்கள்: பணி ஓய்வு பெற்றவர்கள், சர்க்கரைக்கும் இரத்த அழுத்தத்துக்கும் மருந்து சாப்பிடுபவர்கள், கணினி முன்னால் உட்கார்ந்தே முதுகு வளைந்துபோன இளைஞர்கள். நான் பழகும் வகுப்பில் புதிதாக வருகிறவர்களுக்குப் பக்கத்தில் நின்று உதவுவது என் வேலை. அவர்களிடம் திரும்பத் திரும்பச் சொல்வதை இங்கே எழுதி வைக்கிறேன்.

புதியவர்கள் எல்லோரும் முதலில் செய்வது ஆசிரியரை அப்படியே பிரதி எடுப்பது. அவர் எவ்வளவு தாழ்ந்து நிற்கிறாரோ அவ்வளவு தாழ்வார்கள். அவர் கால் எவ்வளவு தூரம் போகிறதோ அவ்வளவு தூரம் தங்கள் காலையும் நீட்டுவார்கள். ஆனால் ஆசிரியரின் தொடை எலும்பு நீளமும் இடுப்பு மூட்டின் அமைப்பும் நமக்கு இருக்காது. முட்டி வலி பெரும்பாலும் இங்கேதான் ஆரம்பிக்கிறது.

தாய் சியில் விதி எல்லோருக்கும் ஒன்று, அளவு ஆளுக்கு ஆள் வேறு. முட்டி பாதத்தின் திசையிலேயே மடங்க வேண்டும். முதுகுத்தண்டு நீண்டிருக்க வேண்டும். தோள் தளர்ந்திருக்க வேண்டும். உடம்பின் எடை வழியில் எங்கும் சிக்காமல் பாதம் வழியாகத் தரைக்குப் போக வேண்டும். இவை விதி. எவ்வளவு தாழ்வது, காலை எவ்வளவு தூரம் வைப்பது, பாதத்தை எத்தனை பாகை திருப்புவது என்பதெல்லாம் அளவு. ஆசிரியர் விதியைக் கற்றுத் தருவார். அளவை உங்கள் உடம்பில் நீங்கள்தான் தேட வேண்டும், அதற்கு வழி இருக்கிறது.

எந்தப் பாணி?

விதி ஒன்று, அளவு வேறு என்பதற்கு இந்தக் கலை வளர்ந்த விதமே சாட்சி. சீனாவின் ஹெனான் மாகாணத்தில் சென்ஜியாகோவ் என்ற ஊர் தாய் சியின் தாய்வீடு. சென் குடும்பம் தலைமுறை தலைமுறையாக அங்கே பழகி வந்த கலை இது. அந்தக் குடும்பத்து ஆசிரியர் சென் சாங்சிங் (1771–1853) எப்போதும் ஆடாமல் அசையாமல் நிமிர்ந்தே நிற்பார் என்பதால், முன்னோர் பெயரை எழுதி வைத்து வழிபடும் மரப்பலகையையே அவருக்குப் பட்டப்பெயராக ஊரார் வைத்தார்கள் என்று சொல்வார்கள். அவரிடம் கற்ற யாங் லூச்சான் (1799–1872) கலையைப் பெய்ஜிங்குக்குக் கொண்டு போனார். இன்று உலகம் முழுக்கப் பரவியிருக்கும் விரிந்த, சீரான, மெதுவான யாங் பாணியை நிலைநிறுத்தியவர் அவருடைய பேரன் யாங் செங்ஃபூ (1883–1936). பருத்த உடம்புக்காரர். அவருடைய அண்ணன் யாங் ஷாவ்ஹோவ் (1862–1930) பழகியதோ கைகால் வீச்சைச் சுருக்கி, வேகமாகச் செய்யும் முறை. ஒரே வீட்டில் ஒரே கலை இரண்டு உருவம் எடுத்திருக்கிறது.

வூ ஜியான்சுவான் (1870–1942) பாணியில் முன்னே அடியெடுத்து வைக்கும்போது உடம்பு முன்பக்கம் சாய்ந்திருக்கும். பார்க்கிறவர்களுக்குக் குனிவது போலத் தெரியலாம், ஆனால் பின்னங்காலிலிருந்து உச்சந்தலை வரை ஒரே நேர்கோடு. சுன் லூதாங் (1860–1933) வேறு இரண்டு போர்க்கலைகளில் பெயர் வாங்கி, ஐம்பது வயதைத் தாண்டிய பிறகே தாய் சிக்கு வந்தார். அவர் பாணியில் உயரமாகவே நிற்பார்கள், ஒரு கால் முன்னே போனால் மற்றக் காலும் பின்னாலேயே தொடர்ந்து வந்துவிடும். ஆஸ்திரேலியாவில் டாக்டர் பால் லாம் 1997இல் மூட்டுவாதக்காரர்களுக்கென்று ஒரு பயிற்சித் தொகுப்பை அமைத்தபோது சுன் பாணியைத்தான் அடிப்படையாக எடுத்துக்கொண்டார்.

சரி, உங்களுக்கு எது? நல்ல முட்டியும் இளம் வயதும் போர்க்கலை ஆர்வமும் இருந்தால் சென் பாணி. தாழ்ந்த நிலைகள், உடம்பைச் சுருட்டி விரிக்கும் அசைவுகள், திடீரென்று பலத்தை வெளியிடுவது, பாதத்தை ஓங்கி ஊன்றுவது எல்லாம் அதில் உண்டு. மூட்டுத் தேய்மானம் இருப்பவர்களுக்கும் கணுக்கால் இறுகிப்போனவர்களுக்கும் சுன் பாணி இதமாக இருக்கும். இடுப்பு வலி உள்ளவர்கள் வூ பாணியின் சாய்வை ஆசிரியர் மேற்பார்வையில் கொஞ்சம் கொஞ்சமாகத்தான் கற்க வேண்டும். மற்றவர்களுக்கு யாங் பாணி. 1956இல் சீன விளையாட்டுத் துறை அமைத்த 24 அசைவுத் தொகுப்பும் யாங் பாணியிலிருந்து வந்ததுதான், புதியவர்கள் பெரும்பாலும் அதில்தான் தொடங்குகிறார்கள். சிங்கப்பூர், மலேசியா வாசகர்களுக்கு இன்னொன்றும் கிடைக்கும்: யாங் செங்ஃபூவின் மாணவர் செங் மான்சிங் சுருக்கி அமைத்த 37 நிலைகள். அவருடைய சீடர் ஹுவாங் ஷெங்ஷியான் 1950களில் இந்தப் பக்கம் வந்து பள்ளிகள் தொடங்கியதால் அந்த மரபு இங்கே வேரூன்றியிருக்கிறது. அதில் உடம்பு நிமிர்ந்தே இருக்கும், வீச்சும் அதிகம் இல்லை.

வீட்டுப் பக்கத்தில் ஒரே ஒரு வகுப்புதான் இருக்கிறது என்றால் அதிலேயே சேருங்கள், பாதகமில்லை. பழைய ஆசிரியர்கள் ஒரே தொகுப்பை உயரம், நடுத்தரம், தாழ்வு என்று மூன்று மட்டங்களில் சொல்லிக் கொடுத்திருக்கிறார்கள். உயர மட்டத்தில் பழகுவது கலையில் குறைந்தது இல்லை.

சேருமுன் உங்கள் உடம்பைப் பாருங்கள்

வீட்டிலேயே செய்யக்கூடிய சில சோதனைகள் இருக்கின்றன. கால் மணி நேரம் போதும், முடிவை ஒரு தாளில் குறித்து வையுங்கள்.

முதலில் கணுக்கால். சுவரைப் பார்த்து நின்று, பெருவிரலுக்கும் சுவருக்கும் நடுவே சுமார் 10 சென்டிமீட்டர் இடைவெளி விட்டு, குதிகால் தூக்காமல் முட்டியால் சுவரைத் தொட முடிகிறதா என்று பாருங்கள். முடியவில்லை என்றால் கணுக்கால் இறுகியிருக்கிறது. தாழ்ந்து நின்றால் குதிகால் எழும்பும், இல்லையென்றால் பாதம் உள்பக்கம் சரியும். இப்படிப்பட்டவர்கள் எல்லா அடியையும் குட்டையாக வைக்க வேண்டும்.

அடுத்து இடுப்பு மூட்டு. மேசை விளிம்பில் கால் தொங்க உட்காருங்கள். தொடையை அசைக்காமல் ஒரு பாதத்தை மற்றக் காலை நோக்கி உள்பக்கம் கொண்டு வாருங்கள், பிறகு வெளிப்பக்கம் கொண்டு போங்கள். எந்தப் பக்கம் தாராளமாகப் போகிறது? பாதம் உள்பக்கம் வரும்போது தொடை எலும்பு வெளிநோக்கிச் சுழல்கிறது. அது கொஞ்சம்தான் நடக்கிறது என்றால், பின்னங்காலை 45 பாகை வெளியே திருப்பி வைக்கச் சொல்லும் நிலைகள் உங்களுக்குக் கடினமாக இருக்கும். இது பெரும்பாலும் எலும்பின் அமைப்பு. நீட்டிப் பயிற்சி செய்து ஓரளவுதான் மாற்ற முடியும், ஆகவே அதோடு மல்லுக்கட்ட வேண்டாம்.

மூன்றாவது முட்டி. கண்ணாடி முன்னால் பக்கவாட்டில் நில்லுங்கள். சிலருக்கு முட்டி பின்பக்கமாகவே வளைந்து பூட்டிக்கொள்ளும். உடம்பு இயல்பாகவே நெகிழ்வாக இருப்பவர்களிடம் இதை அதிகம் பார்க்கலாம். அவர்களுக்கு முதல் பாடமே பூட்டைத் திறப்பதுதான். அப்புறம், கையை ஊன்றாமல் நாற்காலியிலிருந்து எழுந்திருங்கள். எழும்போது முட்டிகள் ஒன்றை ஒன்று நோக்கி உள்ளே சரிகின்றனவா என்று கவனியுங்கள்.

கடைசியாகச் சமநிலை. சுவருக்கு ஒரு கை தூரத்தில் ஒற்றைக் காலில் பத்து விநாடி நில்லுங்கள். முடியவில்லை என்றால் முதல் சில மாதம் சுவர் ஓரமாகவோ நாற்காலியின் முதுகைத் தொட்டபடியோ பழகுங்கள்.

அண்மையில் அறுவை சிகிச்சை செய்துகொண்டவர்கள், எலும்பு மெலிவு நோய் உள்ளவர்கள், அடிக்கடி தலைசுற்றல் வருகிறவர்கள், நெஞ்சு வலி உள்ளவர்கள், கட்டுக்குள் வராத இரத்த அழுத்தம் உள்ளவர்கள், கர்ப்பிணிகள் ஆகியோர் மருத்துவரைக் கேட்டுவிட்டுத்தான் சேர வேண்டும். சிங்கப்பூரில் இருப்பவர்கள் பலதுறை மருந்தகத்துக்கு வழக்கமான பரிசோதனைக்குப் போகும்போதே கேட்டுவிடலாம். சர்க்கரைக்கு இன்சுலின் போடுகிறவர்கள் காலையில் வெறும் வயிற்றோடு பூங்காவுக்குப் போக வேண்டாம். பாதத்தில் மரத்துப்போன உணர்வு இருந்தால் வெறுங்காலோடு பழகவே கூடாது, வீட்டுக்கு வந்ததும் உள்ளங்காலைப் பார்க்க வேண்டும்.

ஆசிரியரை எப்படிப் பார்ப்பது

சேருமுன் ஒரு வகுப்பு முழுக்க ஓரமாக நின்று பாருங்கள். ஆசிரியரைப் பார்ப்பதைவிட அவரிடம் பல வருடம் பழகியவர்களைப் பாருங்கள். அவர்களில் எத்தனை பேர் முட்டிக்குப் பட்டை கட்டியிருக்கிறார்கள்? இருபது வயதுக்காரரும் எழுபது வயதுக்காரரும் ஒரே ஆழத்தில் நிற்கக் கட்டாயப்படுத்தப்படுகிறார்களா? நல்ல ஆசிரியர் ஒரே அசைவுக்கு இரண்டு பேருக்கு இரண்டு விதமாகத் திருத்தம் சொல்வார். ஒருவரிடம் “இன்னும் உட்காருங்கள்” என்பார், பக்கத்தில் இருப்பவரிடம் “போதும், எழுந்திருங்கள்” என்பார். அப்படிப்பட்டவர் கிடைத்தால் பாணி எதுவாக இருந்தாலும் விடாதீர்கள்.

முதல் நாளே உங்கள் தாளைக் காட்டிச் சொல்லிவிடுங்கள்: “எனக்கு வலது முட்டியில் தேய்மானம் இருக்கிறது, தோள்பட்டை ஒரு பக்கம் முழுதாக உயராது.” சொல்லாமல் இருந்தால் ஆசிரியர் கையைப் பிடித்து உயர்த்தும்போது வலி வரும். இதில் கூச்சப்பட ஒன்றும் இல்லை.

நிற்கக் கற்றுக்கொள்வது

எல்லா அசைவுக்கும் முன்னால் வெறுமனே நிற்பது வருகிறது. புதியவர்கள் அவசரமாகத் தாண்டிப் போகும் பகுதி இதுதான். எனக்கோ இதில்தான் பாதிக் கலை இருக்கிறது என்று தோன்றுகிறது. தினமும் மூன்று நிமிடம் நின்றால் போதும், கீழிருந்து மேலாகச் சரி பார்த்து வாருங்கள்.

பாதம். தோள் அகலத்துக்கு வையுங்கள் என்பார்கள். தோளின் வெளி ஓரத்தை அளவாக எடுத்தால் அகலம் கூடிவிடும். இடுப்பு மூட்டுகளுக்கு நேர் கீழே பாதம் இருந்தால் சரி. இரண்டு பாதமும் இணையாக இருக்க வேண்டும் என்பது பொதுவான சொல். ஆனால் இருந்த இடத்திலேயே சில அடி மிதித்து நடந்துவிட்டு நின்று, குனிந்து பாருங்கள். உங்கள் பாதம் இயல்பாகவே கொஞ்சம் வெளியே திரும்பியிருந்தால் அதை வலிந்து நேராக்கினால் முறுக்கு முட்டிக்குத்தான் போகும். அந்த இயல்பான கோணத்திலேயே தொடங்குங்கள். எடையை மெதுவாக முன்னும் பின்னும் சாய்த்துப் பாருங்கள். விரல்கள் தரையைப் பற்றினால் முன்னால் போய்விட்டீர்கள், விரல் நுனி எழும்பினால் பின்னால் போய்விட்டீர்கள். இரண்டுக்கும் நடுவில் பாதம் முழுக்க அமைதியாகத் தரையில் படியும் ஓர் இடம் இருக்கும். அங்கே நில்லுங்கள்.

முட்டி. பூட்டைத் திறந்தால் போதும், மடக்கத் தேவையில்லை. பக்கத்திலிருந்து பார்ப்பவருக்கு நேராக நிற்பது போலவே தெரிய வேண்டும்.

இடுப்பு. “வாலை உள்ளே இழு” என்று பல வகுப்புகளில் சொல்வார்கள். அதைக் கேட்டதும் பிட்டத்தை இறுக்கி, இடுப்பை முன்னால் தள்ளி, கீழ்முதுகின் இயல்பான வளைவையே அழித்துவிடுகிறவர்கள் ஏராளம். முதுகு வட்டுப் பிரச்சினை உள்ளவர்கள் பலருக்கு அப்படித் தட்டையாக்கினால் வலி கூடும். இதைச் சரிபார்க்க எளிய வழி: சுவருக்கு முதுகு காட்டி, குதிகாலைச் சுவரிலிருந்து நான்கு விரல் தள்ளி வைத்து நில்லுங்கள். கீழ்முதுகுக்கும் சுவருக்கும் நடுவில் உள்ளங்கையை நுழைத்துப் பாருங்கள். கை தாராளமாகப் போகிறது, முஷ்டியே நுழைகிறது என்றால் உங்களுக்கு வளைவு அதிகம். உயரமான முக்காலியில் உட்காரப் போவது போல இடுப்பை லேசாகக் கீழே விட்டால் அந்த இடைவெளி தானாகக் குறையும். கையே நுழையவில்லை என்றால் உங்களுக்கு ஏற்கெனவே தட்டை முதுகு. “உள்ளே இழு” என்ற திருத்தம் உங்களுக்கு இல்லை, ஆசிரியர் பொதுவாகச் சொல்லும்போது நீங்கள் அதை எடுத்துக்கொள்ள வேண்டாம்.

மார்பு. யாங் செங்ஃபூ சொல்லிப் பதிவான பத்து அடிப்படைகளில் மார்பை நிமிர்த்திப் புடைக்காமல் உள்வாங்கி வைப்பதும் ஒன்று. விறைப்பாக மார்பைத் தள்ளி நிற்கப் பழகிய காவல்துறை, ராணுவத்துக்காரர்களுக்கு இது அருமருந்து. நாள் முழுக்கக் கணினி முன் கூனி உட்காருகிறவர் இதையே கேட்டுக்கொண்டு இன்னும் கூனினால் கழுத்து வலிதான் மிச்சம். அவர்கள் முதல் சில மாதம் இந்தச் சொல்லை ஒதுக்கி வைத்துவிட்டு, இரண்டு தோள்முனைகளும் பக்கவாட்டில் விலகிப் போவதை மட்டும் கவனிக்கட்டும். மூச்சு இழுக்கும்போது விலா பக்கவாட்டிலும் முதுகுப் பக்கத்திலும் விரிந்தால் மார்பு சரியாக இருக்கிறது.

தோளைத் தூக்க வேண்டாம். அக்குளில் ஒரு முட்டை அளவு இடம் விட்டு, முழங்கையின் கூர்முனை தரையைப் பார்க்கட்டும்.

தலை. உச்சி மேல்நோக்கி, முகவாய் ஒரு நூல் உள்ளே. இதில் ஒரு சின்ன விஷயம்: கீழ்ப்பாதியில் வாசிப்புக் கண்ணாடி சேர்ந்த மூக்குக்கண்ணாடி அணிகிறவர்கள் தங்களை அறியாமல் தலையைக் குனிந்து தரையைத் தேடுவார்கள், கீழ்க்கண்ணாடி வழியாகத் தரை மங்கலாகத் தெரியும் என்பதால். கழுத்து ஏன் சரியாக அமையவில்லை என்று மாதக்கணக்கில் குழம்புவதைவிட, வகுப்புக்குத் தூரப்பார்வைக் கண்ணாடி மட்டும் போட்டு வரலாம்.

நிற்கும்போது மூச்சை அடக்காதீர்கள். இரத்த அழுத்த மாத்திரை சாப்பிடுகிறவர்களுக்கு ஒரே இடத்தில் அசையாமல் நீண்ட நேரம் நின்றால் தலை லேசாகலாம். அப்படித் தோன்றினால் உடனே நடந்து கொடுங்கள், இல்லையென்றால் உட்கார்ந்துவிடுங்கள்.

உங்கள் காலடியை அளப்பது

தாய் சியில் அதிகம் வரும் நிலை வில் நிலை: முன்கால் மடங்கி, பின்கால் நீண்டு, எடையில் சுமார் 70 பங்கு முன்னாலும் 30 பங்கு பின்னாலும் இருப்பது. இதன் நீளத்தைக் கண்டுபிடிக்கப் பழைய முறை ஒன்று இருக்கிறது, இதைவிட நல்லது எனக்குத் தெரியவில்லை. எடை முழுவதையும் ஒரு காலில் வைத்து, உங்களுக்கு வசதியான உயரத்துக்கு லேசாக உட்காருங்கள். மற்றக் காலை முன்னே நீட்டிக் குதிகாலை மட்டும் தரையில் தொடுங்கள், ஒரு துளி எடையும் அதற்குப் போகக் கூடாது. இப்போது அதை அப்படியே திரும்ப எடுங்கள். உடம்பு ஆடாமல் எடுக்க முடிந்தால் அது உங்கள் அடி. எடுக்கும்போது பின்னால் சாய்ந்தாலோ, கால் “தொப்” என்று விழுந்தாலோ, அந்த அடி உங்களுக்கு நீளம், ஒரு பாத அகலம் குறையுங்கள். கால் வலுவாகும்போது அடி தானே நீளும்.

அகலம் அடுத்தது. முன்பாதத்தையும் பின்பாதத்தையும் ஒரே கோட்டில் வைத்தால் கயிற்றில் நடப்பது மாதிரி தள்ளாடுவீர்கள். இரண்டு குதிகாலுக்கும் நடுவில் பக்கவாட்டு இடைவெளி இருக்க வேண்டும். இடுப்பு அகலமாக இருப்பவர்களுக்கும் வயிறு கனத்தவர்களுக்கும் அந்த இடைவெளி இன்னும் கொஞ்சம் கூடுதலாகத் தேவைப்படும்.

எங்கள் வகுப்பில் அறுபதைத் தாண்டிய ஓர் ஆண்ட்டி இருக்கிறார். வில் நிலைக்கு வரும்போதெல்லாம் பின்னங்கால் முட்டி உள்பக்கம் சரியும், முட்டியின் உள் ஓரத்தில் வலி. பின்பாதம் 45 பாகை, இடுப்பு நேர் முன்னால் என்று சொன்னதை அப்படியே கடைப்பிடித்து வந்தார். ஒரு நாள் மேசை விளிம்பில் உட்கார வைத்துப் பார்த்தால், அவருக்குத் தொடை வெளிநோக்கிச் சுழல்வதே அரிது.

“ஆண்ட்டி, பின்பாதத்தைக் கொஞ்சம் முன்னால் திருப்புங்க. இடுப்பை முழுசா முன்னால் கொண்டு வர வேண்டாம், அது பாதியிலேயே நிக்கட்டும்.”

“சிஃபு நேரா வைக்கச் சொன்னாரே தம்பி?”

“அவர்கிட்டயே காட்டுவோம், வாங்க.”

ஆசிரியர் குனிந்து பின்முட்டியைப் பார்த்தார், பாதத்தைப் பார்த்தார், தலையை ஆட்டினார். அதுதான் ஆண்ட்டியின் வில் நிலை என்று முடிவாயிற்று. திருப்பியது இரண்டு விரல் அளவுதான். பின்முட்டி பாதத்தின் மேலேயே நின்றது, எடையும் தடங்கல் இல்லாமல் இறங்கியது.

இடுப்பைத் திருப்பும்போதெல்லாம் திருப்பம் இடுப்பு மூட்டில் நடக்க வேண்டும், முட்டியில் இல்லை. சரிபார்க்க இரண்டு கை விரல் நுனிகளையும் தொடை வயிற்றோடு சேரும் மடிப்பில் வையுங்கள். எடை எந்தக் காலுக்குப் போகிறதோ அந்தப் பக்கத்து மடிப்பு ஆழமாகி விரலைக் கவ்வ வேண்டும். கவ்வவில்லை, ஆனால் முட்டி பக்கவாட்டில் அசைகிறது என்றால் முட்டியைத்தான் முறுக்குகிறீர்கள். பாதத்தைத் திருப்பும்போது எடை அதன்மேல் இருக்கலாமா என்பதில் பள்ளிக்குப் பள்ளி வழக்கம் மாறும். முட்டி வலி உள்ளவர்கள் எடையைப் பின்காலுக்கு மாற்றி, முன்பாதத்தின் விரல் பக்கத்தைத் தூக்கி, குதிகால் மேல் திருப்புவதே நல்லது. எந்தப் பள்ளியாக இருந்தாலும் நான் இதைத்தான் சொல்வேன்.

முன்முட்டி கால்விரல் நுனியைத் தாண்டக் கூடாது என்ற விதி புதியவர்களுக்கு நல்ல காவல். அதைவிட முக்கியம் முட்டி இரண்டாம் விரலின் திசையில் இருப்பது. நீளத் தொடைக்காரருக்கு முட்டி இயல்பாகவே முன்னால் தள்ளி வரும். அவர் அடியை நீட்ட வேண்டும் என்பதில்லை, உயரமாக நின்றால் சரியாகிவிடும்.

கடினமான நிலைகள்

“பாம்பு ஊர்ந்து இறங்குதல்” என்ற நிலையில் ஒரு காலில் குந்தி மற்றக் காலைத் தரையோடு நீட்டுவார்கள். படத்தில் பார்க்க அழகு. நாற்பது வயதுக்கு மேல் தொடங்குகிறவர்கள் பாதி உயரத்தோடு நிறுத்திக்கொள்ளுங்கள். கை தாழ்ந்து வரும் பாதையும் எடை பின்னால் போய் முன்னால் வரும் ஓட்டமும் கிடைத்தால் அந்த அசைவின் சாரம் கிடைத்துவிடும். குதிகால் உதையை முழங்கால் உயரத்துக்குச் செய்யலாம். “பொற்சேவல் ஒற்றைக் காலில் நிற்றல்” வரும்போது தூக்கிய காலின் பெருவிரல் தரையைத் தொட்டபடி இருக்கட்டும். சமநிலை வந்த பிறகு தானாகத் தூக்குவீர்கள்.

தரையில் சம்மணமிட்டுச் சாப்பிட்டு, குந்தி உட்கார்ந்து வளர்ந்த தலைமுறைக்கு இடுப்பு மூட்டு நன்றாகத் திறந்திருக்கும், தாழ்ந்த நிலைகள் முதல் நாளே வந்துவிடும். அவர்களுக்கும் ஒரு சொல்: குந்தி உட்காரும்போது எடை இரண்டு காலுக்கும் பகிர்ந்து போகிறது, தாய் சியில் ஒரே கால் அதைத் தாங்கியபடி இருக்க, உடம்பு மெதுவாக நகர்கிறது. தாழ முடிவதால் மட்டும் தாழ வேண்டாம்.

வலி வந்தால்

தொடைத் தசை எரிவதும் மறுநாள் தொடை கனமாக இருப்பதும் வழக்கமானதுதான். முட்டிச் சில்லுக்குப் பின்னாலோ முட்டியின் உள் ஓரத்திலோ குத்துவது, மறுநாள் மாடிப்படி இறங்கும்போது வலிப்பது, வீங்குவது ஆகியவை வழக்கமானவை அல்ல. உடனே செய்ய வேண்டியது உயரமாக நிற்பது, அடியைக் குறைப்பது, நேரத்தைப் பாதியாக்குவது. ஒரு வாரத்தில் குறையவில்லை என்றால் மருத்துவரைப் பாருங்கள். “பழகப் பழகச் சரியாகும்” என்ற ஆறுதலை தசை வலிக்கு நம்புங்கள், மூட்டு வலிக்கு நம்பாதீர்கள்.

மூட்டுத் தேய்மானம் இருப்பவர்கள் தாய் சியே கூடாதோ என்று அஞ்ச வேண்டாம். 2016இல் பாஸ்டனில் முழங்கால் தேய்மானம் உள்ள 204 பேரிடம் செய்த ஆய்வில், 12 வாரம் தாய் சி பழகியவர்களுக்கும் இயன்முறை சிகிச்சை பெற்றவர்களுக்கும் வலி கிட்டத்தட்ட ஒரே அளவு குறைந்தது. பார்க்கின்சன் நோயாளிகள் 195 பேரிடம் அமெரிக்காவின் ஓரிகனில் நடத்தி 2012இல் வெளியான ஆய்வில், தாய் சி பழகியவர்களின் சமநிலை மற்றவர்களைவிட நன்றாக இருந்தது, நீட்டிப் பயிற்சி செய்தவர்களைவிட அவர்கள் விழுந்ததும் குறைவு.

முதல் மாதங்களில்

காலணியைப் பாருங்கள். ஓடுவதற்கென்று செய்த தடித்த, தரையைக் கவ்வும் காலணியில் பாதம் திரும்பாது, உடம்பு திரும்பும், நடுவில் மாட்டுவது முட்டி. தட்டையான, மெல்லிய அடிப்பகுதி உள்ள துணிக் காலணி நல்லது. மேடு பள்ளமான புல்தரையைவிடச் சமமான தரை புதியவர்களுக்கு ஏற்றது. மழை பெய்த பிறகு கீழ்த்தளத்து ஓடுகள் வழுக்கும், கவனம்.

வீட்டில் தினமும் பத்துப் பதினைந்து நிமிடம் போதும். மூன்று நிமிடம் நிற்பது, சில நிமிடம் வெறும் அடி எடுத்து வைத்துத் திரும்ப எடுப்பது, மிச்ச நேரம் அன்று கற்ற ஒரே அசைவு. மாதம் ஒரு முறை கைப்பேசியை இடுப்பு உயரத்தில் வைத்து, முன்னாலிருந்தும் பக்கத்திலிருந்தும் காணொளி எடுங்கள். அதை ஆசிரியரின் காணொளியோடு ஒப்பிட வேண்டாம். முட்டி எந்தத் திசையில் போகிறது, தலை மேலும் கீழும் குதிக்கிறதா, தோள் எழும்புகிறதா, இந்த மூன்றையும் போன மாதத்து உங்கள் காணொளியோடு ஒப்பிடுங்கள்.

தொகுப்பு கைவந்த பிறகு சில வகுப்புகளில் இருவர் கையோடு கை ஒட்டி நின்று ஒருவர் சமநிலையை ஒருவர் குலைக்கும் தள்ளுகைப் பயிற்சி தொடங்குவார்கள். உங்கள் அளவு சரியா என்பதற்கு இதைவிட நேர்மையான சோதனை கிடையாது. அடி நீளமாக இருந்தால் லேசாக இழுத்தாலே முன்னால் போய்விடுவீர்கள். அகலம் குறைந்தால் பக்கவாட்டில் சாய்வீர்கள். பின்முட்டி உள்ளே சரிந்திருந்தால் எதிராளி தருகிற பலம் தரைக்கு இறங்காமல் முட்டியிலேயே நிற்பதை உணர்வீர்கள். முதல் முறை உங்கள் எடைக்கு ஒத்தவரோடு, பாதத்தை நகர்த்தாமல், மிக மெதுவாகச் செய்யுங்கள். தொடங்குமுன் எந்தத் தோள் உயராது, எந்த முட்டி வலிக்கும் என்று அவரிடம் சொல்லிவிடுங்கள். ஒவ்வொரு முறை சமநிலை போகும்போதும் நிறுத்தி, கீழே குனிந்து, பாதம் இரண்டும் எங்கே இருக்கின்றன என்று பார்த்து, அதைத் தாளில் குறித்துக்கொள்ளுங்கள்.